கருமாதி முடிந்தபின் பீரோவைத் திறக்கும்போது: எதைத் தேடுவது, எதை வைத்துக்கொள்வது

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வெளியூர்ப் பிள்ளைகள் பஸ் ஏறும் முன் பீரோவைத் திறந்து, ஒரே மதியத்தில் தேடி, பங்கு பிரித்து, மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவது பல வீடுகளில் வழக்கம். அடகுச் சீட்டும் பத்திரமும் காணாமல் போவது அந்த மதியத்தில்தான். தேடுவது ஒரு வேலை, பங்கிடுவது வேறு வேலை. தேடலை உடனே செய்யுங்கள். பங்கீடு ஆறு மாதம் கழித்து நடந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இறந்தவரின் மனைவியோ கணவரோ அந்த வீட்டில் இருந்தால், அவர் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைக்கூட இடம் மாற்றாதீர்கள்.

முதலில் தேட வேண்டியவை கெடு உள்ள காகிதங்கள். நகை அடகுச் சீட்டில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போய்விடும். கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு எழுதி வாங்கிய புரோநோட்டை எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதன் பின்பக்கத்தையும் பாருங்கள்: கெடுவுக்குள் ஒரு தொகை வரவு வைத்துக் கடன் வாங்கியவர் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு. கெடு நெருங்கியிருந்தால் வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கோடு போட்ட தாளில் கையால் எழுதியதையெல்லாம் இரு பக்கமும் படியுங்கள், அது உயிலாகவும் இருக்கலாம். உயிலைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முறையாக இருந்தால் அது செல்லும்.

பீரோ லாக்கரோடு நின்றுவிடாதீர்கள். சட்டைப்பை, மடித்த புடவையின் உள்மடிப்பு, தலையணை உறை, தட்டில் விரித்த பேப்பருக்கு அடி, சாமி படத்தின் பின்பக்க அட்டை, அரிசி டின், பஞ்சாங்கத்தின் நடுப்பக்கம், காலி மருந்து டப்பா எல்லாவற்றையும் பாருங்கள். புத்தகத்தை முதுகைப் பிடித்துக் கவிழ்த்து உதறினால் போதாது. ஒட்டிக்கொண்ட தாள் விழாது, பக்கம் புரட்டித்தான் பார்க்க வேண்டும். கிடைத்த காகிதங்களை நிலம், வங்கி, கடன், அடையாள அட்டை என்று நான்கு உறைகளில் பிரித்துப் போடுங்கள். பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். மூலப்பத்திரம் தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று மாதக்கணக்கில் அலைச்சல்.

பணம் கிடைத்தால், 2016-இல் செல்லாததான 500, 1000 ரூபாய் நோட்டுகளில் 10-க்கு மேல் ஒருவர் வைத்திருப்பது 2017 சட்டப்படி குற்றம். 2000 ரூபாய் நோட்டு அப்படியல்ல. 2023-இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றாலும் அது செல்லாத நோட்டு ஆகவில்லை, சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் மாற்ற வழி உண்டு. ஏடிஎம் பின் நம்பர் தெரியும் என்பதற்காக இறந்தவர் கணக்கிலிருந்து பணம் எடுக்காதீர்கள். பிறகு வங்கியோடும் மற்ற வாரிசுகளோடும் அதுவே தகராறாகும். செல்போனை ரீசெட் செய்ய வேண்டாம், சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள். எந்த வங்கி, எந்தத் தவணை என்பதை அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகளே காட்டிக்கொடுக்கும்.

மருந்துகளை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்காதீர்கள். மார்ஃபின் மாத்திரை மிச்சமிருந்தால் கொடுத்த மருத்துவமனையிலேயே ஒப்படையுங்கள். இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடிக் கொடுத்தால் குப்பை அள்ளுபவரின் கை தப்பும். வாக்கர், சக்கர நாற்காலி, காற்று மெத்தை இவற்றைப் பரணில் ஏற்றாமல் வலிநிவாரண சிகிச்சை மையத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரமே ஒருவருக்கு அவை தேவைப்படும்.

துணிகளைத் துவைத்துக் காயவைத்து, கிழியாததை மட்டும் கொடுங்கள். முதியோர் இல்லத்துக்குப் போகும் முன் என்ன தேவை என்று போனில் கேளுங்கள், பெரும்பாலும் நூல் வேட்டியும் துண்டும்தான் கேட்பார்கள். பாட்டியின் பழைய நூல் புடவையில் இரண்டைத் தூளிக்கு எடுத்து வைப்பது நம் வழக்கம், அதைவிட நல்ல பயன் அதற்கு இல்லை. பட்டுப்புடவையில் அந்துருண்டை நேராகப் பட்டால் ஜரிகை கறுக்கும். வெள்ளை நூல்துணியில் சுற்றி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே முறியும்.

போட்டோக்களில்தான் அதிகம் பாழாகிறது. சட்டத்துக்குள் இருக்கும் பழைய படம் ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். ஓரத்தில் நகம் வைத்துப் பிரித்தால் முகத்தின் மேல்படலம் கண்ணாடியோடு வந்துவிடும். பிரிக்கவே வேண்டாம், பின் அட்டையை மட்டும் கழற்றிக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிய படத்துக்கு அடியில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை நுழைத்து, அறுப்பதுபோல் மெல்ல இழுத்தால் பெரும்பாலும் விடுபடும், விடாவிட்டால் விட்டுவிடுங்கள். சின்னப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் அழுந்தும் என்பதால் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர் எழுதுங்கள். இதை இந்த மாதமே செய்யுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய அத்தையோ பெரியப்பாவோ இருக்கும்போது கேட்காவிட்டால், அதன்பின் எவராலும் சொல்ல முடியாது.

ஓலைச்சுவடி இருந்தால் எண்ணெய் தடவாமல், கட்டைப் பிரிக்காமல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தைக் கேளுங்கள். பழைய இதழ்கள், சிறு வெளியீடுகள் என்றால் சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரித்துவிட்டு எடைக்குப் போடலாம்.

உயில் இல்லாத இந்துக் குடும்பத்தில் தந்தை தானே சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள் மட்டுமல்ல, அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. அந்தப் பாட்டியைத்தான் மறந்துவிடுகிறார்கள். நகையை உருப்படிக் கணக்கில் பிரிக்காதீர்கள். ஒரே கடையில் நிறுத்து, கல் எடை கழித்து, கிராம் கணக்கில் எழுதுங்கள். ஒருவருக்கு அம்மாவின் தோடுதான் வேண்டுமென்றால் எடை வித்தியாசத்தைப் பணமாக ஈடுகட்டலாம். மற்றச் சாமான்களைப் படமெடுத்து எண் போட்டு எல்லாருக்கும் அனுப்பி, வேண்டியதை அவரவர் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால், ஒருவர் கை வைத்ததே மற்றவருக்கும் வேண்டியதாகிவிடும்.

எதை வைத்துக்கொள்வது என்று தயங்கினால், இறந்தவரின் கை பட்டுத் தேய்ந்ததையும் கையெழுத்து உள்ளதையும் எடுங்கள். பரிசாக வந்து பெட்டி பிரிக்காமல் கிடக்கும் டின்னர் செட்டைவிடப் பால் கணக்கு எழுதிய நோட்டு மேல். அஞ்சறைப்பெட்டியை எடுத்தால் அதில் கடுகு போட்டுப் புழங்குங்கள். யாரும் கேட்காததை ஒரு தகரப் பெட்டியில் வேப்பிலையோடு வைத்து, என்ன இருக்கிறது என்று மேலே எழுதி ஒட்டுங்கள். பெட்டி தரையைத் தொடாமல் இரண்டு செங்கல் மேல் இருக்கட்டும். கரையான் தரையிலிருந்துதான் ஏறும். முதல் ஆண்டுத் திதிக்கு எல்லாரும் வரும்போது அதைத் திறந்து முடிவு செய்யலாம்.