வைஃபை பெயரே காட்டவில்லையா? அந்தச் சின்ன பட்டனைப் பாருங்கள்

ரவுட்டரில் பவர், இன்டர்நெட் விளக்குகள் எரிந்தும் போனில் வைஃபை பெயரே வரவில்லை என்றால், ஆளைக் கூப்பிடும் முன் அதன் பின்பக்கத்திலோ ஓரத்திலோ 'வைஃபை' அல்லது 'டபிள்யூலேன்' என்று எழுதிய சின்ன பட்டனை ஒருமுறை அழுத்தி, ஒரு நிமிடம் பொறுங்கள். தூசி தட்டும்போது கை பட்டாலே வைஃபை அணைந்துவிடக்கூடும். பல மாடல்கள் அந்த நிலையை நினைவில் வைத்துக்கொள்வதால், எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பலன் இருக்காது. ரவுட்டரிலிருந்து கணினிக்குப் போகும் லேன் கேபிளில் நெட் வருகிறதென்றால் சந்தேகம் இதன்மேல்தான்.

ஊசியால் குத்தும் ரீசெட் ஓட்டையை மட்டும் தொடாதீர்கள், இணைப்புக்கான யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரிந்து, 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் காணோம் என்றால் பொதுவாக இந்த பட்டன் உதவாது. ரவுட்டர் செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை 36க்கு மாற்றிப் பாருங்கள்.