வெப் ஆப்புக்கு டேட்டாபேஸ் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் டேட்டாபேஸ், ஓஆர்எம் (டேபிள்களைக் கோடின் ஆப்ஜெக்ட்டுகளாகக் காட்டி, டேட்டாபேஸின் மொழியான எஸ்க்யூஎல்லைத் தானே எழுதும் லைப்ரரி) பேச்சு பிறகு. ஒரே சர்வர், எழுதுவது குறைவு, படிப்பது அதிகம் என்றால் ஒரே ஃபைலில் இயங்கும் எஸ்க்யூலைட்டே போதும். அதில் ஒரு நேரத்தில் ஒரு கனெக்ஷன்தான் எழுத முடியும். வால் மோடை (மாற்றங்களை முதலில் தனி லாக் ஃபைலில் எழுதும் முறை) இயக்கினால், எழுதும்போதே மற்றவை படிக்கலாம். மற்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ். மைஎஸ்க்யூஎல் என்றால் கேரக்டர் செட் 'யுடிஎஃப்8எம்பி4' ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய 'யுடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு 3 பைட்டோடு நின்றுவிடும். தமிழ் அதற்குள் அடங்கிவிடுவதால் டெஸ்டிங்கில் தெரியாது. எமோஜி வந்ததும் மாட்டிக்கொள்ளும்.

ஓஆர்எம் எதுவானாலும், அது அனுப்பும் எஸ்க்யூஎல்லை லாகில் காட்ட வேண்டும். காட்டாததைத் தொடவே வேண்டாம். 50 பதிவுகளைப் பட்டியலிட்டு, லூப்புக்குள் ஒவ்வொன்றின் ஆசிரியர் பெயரையும் எடுத்தால் 51 குவெரி ஓடும். ஜாங்கோவில் 'செலக்ட் ரிலேட்டட்', லாரவெலில் 'வித்' போட்டால் ஒன்றிரண்டாகக் குறையும். சிக்கலான ரிப்போர்ட்டுகளை நேரடி எஸ்க்யூஎல்லிலேயே எழுதுங்கள். ஆனால் மதிப்புகளைப் பிளேஸ்ஹோல்டர் வழியாகவே அனுப்புங்கள். ஸ்ட்ரிங்கை ஒட்டினால் இன்ஜெக்ஷனுக்கு, அதாவது யூசர் தட்டியதே எஸ்க்யூஎல்லாக ஓடிவிடும் தாக்குதலுக்கு, கதவு திறந்தாகிவிட்டது.

டேபிள் அமைப்பை மாற்றும் ஃபைல்களை வரிசையாக ஓட்டும் மைக்ரேஷன் கருவியிடம் கேட்க வேண்டியது ஒன்றே: குறிப்பிட்ட ஒரு ஃபைலுக்கு மட்டும் டிரான்சாக்ஷனை (எல்லா மாற்றமும் சேர்ந்து முடியும், அல்லது எதுவும் நடக்காது என்ற ஏற்பாடு) நிறுத்த முடியுமா? ஓடிக்கொண்டிருக்கும் பெரிய டேபிளில், எழுதுவதைத் தடுக்காமல் இண்டெக்ஸ் போட போஸ்ட்கிரெஸில் 'கன்கரன்ட்லி' தேவை. அது டிரான்சாக்ஷனுக்குள் ஓடாது. மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் மாற்றங்கள் உடனுக்குடன் கமிட் ஆகிவிடும். ஐந்து மாற்றங்களில் மூன்றாவது தோற்றால் முதல் இரண்டும் அப்படியே தங்கிவிடும். அதனால் ஃபைலுக்கு ஒரு மாற்றம்தான்.

பலர் கோட்டை விடுவது கனெக்ஷன் கணக்கில். போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100. நோடின் 'பிஜி' லைப்ரரி ஒரு பூலுக்கு (திறந்து வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் கனெக்ஷன் தொகுப்பு) இயல்பாக 10 வரை திறக்கும். 12 பிராசஸ் ஓடினால் 120. நெரிசல் நேரத்தில் 'டூ மெனி கிளையன்ட்ஸ்' எரர் நிச்சயம். வரம்பைக் கண்டபடி ஏற்றாதீர்கள், ஒவ்வொரு கனெக்ஷனும் மெமரி தின்னும் தனி பிராசஸ். பூல் அளவைக் குறையுங்கள், அல்லது சில கனெக்ஷன்களையே பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்ஸரை நடுவில் வையுங்கள். ஒவ்வொரு டிரான்சாக்ஷன் முடிந்ததும் கனெக்ஷனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதன் டிரான்சாக்ஷன் மோடில், அறிவிப்புகளுக்குக் காத்திருக்கும் 'லிசன்' கட்டளை வேலை செய்யாது. மைக்ரேஷனையும் பிஜிபவுன்ஸரைத் தவிர்த்து நேரடி கனெக்ஷனில் ஓட்டுங்கள்.

டேட்டாவைப் பார்க்க டிபீவர் நல்லது. புரொடக்‌ஷனுக்கு படிக்கும் அனுமதி மட்டுமே உள்ள தனி யூசரை வையுங்கள். பேக்கப்புக்கு 'பிஜி டம்ப்' எடுக்கும்போது அதன் மேஜர் வெர்ஷன் சர்வரைவிடப் பழையதாக இருந்தால் ஓட மறுக்கும். சர்வரை அப்கிரேட் செய்யும் அன்றே அதையும் மாற்றிவிட்டு, வந்த ஃபைலை வேறொரு காலி டேட்டாபேஸில் ஏற்றிப் பாருங்கள்.