கொழும்பில் பழைய ஊற்றுப்பேனைகளைத் தேடிச் சேர்ப்பது எப்படி?

பழைய ஊற்றுப்பேனை ஒன்று கைக்கு வந்தால் அது எந்த நிறுவனத்தின் பேனை, எப்போது செய்யப்பட்டது, இன்னும் எழுதுமா என்று கண்டுபிடிக்க விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்துறையில் வெளிநாட்டு வழிகாட்டிகள் நிறைய உண்டு. ஆனால் அவை குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கொழும்பின் வெக்கையும் ஈரமும் இறப்பரையும் பழைய பிளாஸ்டிக்கையும் வேகமாகக் கெடுக்கின்றன. ஆகவே இங்கே சேகரிப்பவர் பேனையின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அது எதனால் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

படி 1: வீட்டு லாச்சியில் தொடங்குங்கள்

காசு கொடுத்து வாங்குவதற்கு முன் சொந்தக்காரர் வீடுகளில் கேளுங்கள். அப்பப்பாவோ அம்மப்பாவோ எழுதுவினைஞராக, ஆசிரியராக, தபாலதிபராக இருந்திருந்தால் ஒரு பேனையாவது எங்கோ கிடக்கும். "பழைய பேனை இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். காணி உறுதி வைத்திருக்கும் பெட்டி, மூக்குக்கண்ணாடிக் கூடு, தையல் மெசின் லாச்சி என்று இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். கிடைத்ததும் துடைக்க வேண்டாம், கழற்றவும் வேண்டாம். யாருடையது, எந்த வேலையில் இருந்தபோது பயன்படுத்தினார் என்பதைப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். பேனை இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். அந்த விவரத்தைச் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

படி 2: எதனால் செய்தது, மை எப்படி ஏறுகிறது

1940கள் வரை வந்த பேனைகள் பெரும்பாலும் எபனைட்டாலோ செலுலாயிட்டாலோ ஆனவை. எபனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய இறப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். இறப்பர்க் கன்றுகள் 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்திற்கு வந்தன. அந்த வகையில் இந்தப் பேனைகளோடு நம் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. செலுலாயிட் ஒரு பழைய வகைப் பிளாஸ்டிக். அதில் இலேசான கற்பூர வாசம் இருக்கும். அது எளிதில் தீப்பற்றும், எனவே விளக்கு, அடுப்பு அருகே கொண்டுபோகக் கூடாது. கேசின் என்ற பால் புரதத்தால் செய்த பேனைகளும் உண்டு. இங்கிலாந்தின் கொன்வே ஸ்டுவர்ட் நிறுவனம் அவற்றில் அழகான நிறங்களைத் தந்தது. கேசின் தண்ணீரில் ஊறினால் உப்பிவிடும். கொழும்பில் புதியவர் கேசின் பேனையைத் தள்ளி வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது மை ஏற்றும் முறை. பக்கவாட்டில் சிறு நெம்புகோல் இருந்தால் உள்ளே இறப்பர் மைப்பை இருக்கும். அது பெரும்பாலும் கல்லாகவோ களியாகவோ மாறியிருக்கும். நெம்புகோலை இழுத்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். தயவுசெய்து இழுக்காதீர்கள், பை இறுகியிருந்தால் நெம்புகோல்தான் உடையும். பை மாற்றத்தக்கதே. அதன் அளவு எண் அங்குலத்தின் 64இல் ஒரு பங்குக் கணக்கு. 16ஆம் எண் என்றால் கால் அங்குல விட்டம். பையை அரக்குக் கரைசலால் ஒட்டுவார்கள். ஆனால் அது உங்கள் முதல் வேலையாக இருக்க வேண்டாம்.

முதற்பேனையாக நான் சொல்வது பார்க்கர் 51. 1941இல் விற்பனைக்கு வந்தது; நிறுவனத்தின் 51ஆம் ஆண்டில் உருவானதால் அந்தப் பெயர். தொடக்கத்தில் வந்தவை வெக்குமெட்டிக் முறையில் மை ஏற்றுபவை. அவற்றின் உள்ளே இருக்கும் இறப்பர்ச் சவ்வு நம் காலநிலையில் நிலைக்காது. 1948இலிருந்து வந்த ஏரோமெட்ரிக் வகையில் மைப்பை பி.வி.சி.யால் ஆனது. அதனால்தான் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் கழுவியவுடன் எழுதும் 51கள் இங்கே கிடைக்கின்றன. வேறுபாட்டை அறிவது எளிது. உடலின் நுனியில் ஒரு சிறு மூடி மட்டும் கழன்றால் வெக்குமெட்டிக். உடல் முழுவதும் கழன்று உள்ளே உலோகக் குழாய் தெரிந்தால் ஏரோமெட்ரிக்.

படி 3: பேனையில் உள்ள எழுத்தைப் படியுங்கள்

நகைத்தொழிலாளர் பயன்படுத்தும் பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று வாங்குங்கள். செட்டியார் தெருப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். மூடி, உடல், நிப்பு மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 1940களின் பார்க்கர் உடலில் பெயருக்கு அருகே ஓர் எண்ணும் சில புள்ளிகளும் இருக்கும். எண் ஆண்டின் கடைசி இலக்கம், புள்ளிகள் எந்தக் காலாண்டு என்பதைக் குறிப்பவை. ஷேஃபர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பேனைகளில் அடையாளமாக உள்ள வெண்புள்ளி 1924இலிருந்து வந்தது. நிப்பில் 14 கரட் அல்லது 585 என்று இருந்தால் தங்கம். 51இல் நிப்பு மூடப்பட்டிருப்பதால் அந்த முத்திரை வெளியே தெரியாது, அதற்காகப் பேனையைப் பிரிக்க வேண்டாம். தங்க நிப்பை உருக்கக் கொடுப்பவர்களைப் பார்த்தால் மனம் நோகிறது. பெரும்பாலான நிப்புகளில் ஒரு கிராம் தங்கம்கூட இராது, பேனையோ அழிந்துபோகிறது.

மூன்று பகுதிகளையும் ஏன் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்? 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. இருந்ததைத் திருத்தியே பாவிக்க வேண்டிய காலத்தில் ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் போயிருக்கலாம். அப்படிப்பட்ட பேனையும் எழுதும், ஆனால் விலை குறைய வேண்டும். சீனத்து ஹீரோ 100, 616 ஆகியவையும் தோற்றத்தில் 51ஐ ஒத்தவை. நல்ல பேனைகள்தாம். பார்க்கர் விலைக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

உடலில் முன்னாள் உரிமையாளரின் பெயர் பொறித்திருந்தால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் பலர் மதிப்பைக் குறைப்பார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பேனையின் சிறந்த பகுதி. அதைத் தேய்த்து அழிக்காதீர்கள்.

படி 4: ஆவணங்களில் தேடுங்கள்

பொறித்த பெயர் ஓர் அதிகாரியுடையதாகவோ நிறுவனத்துடையதாகவோ இருந்தால் ஃபெர்குசன் இலங்கை வழிகாட்டி என்ற பழைய ஆண்டு வெளியீட்டில் தேடலாம். கொழும்பு 7இல் தேசிய சுவடிக்கூடமும் அருங்காட்சியக நூலகமும் இத்தகைய தேடலுக்கு உகந்தவை. 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் தொடங்கிய தினகரன் ஆகியவற்றின் பழைய இதழ்களில் விளம்பரப் பக்கங்களைத் தவறாமல் புரட்டுங்கள். இணையத்தில் 'நூலகம்' எண்ணிம நூலகத்திலுள்ள பாடசாலை மலர்களையும் விளம்பரங்களுக்காகவே பார்க்கலாம். எந்தக் கடை எந்தப் பேனையை எந்த ஆண்டில் விற்றது என்று இப்படித்தான் துலங்கும்.

படி 5: வாங்கும்போது

மருதானைப் பழைய புத்தகக் கடைகள், புறக்கோட்டை நடைபாதை, பழைய மணிக்கூடு திருத்தும் கடைகள் ஆகியவற்றில் விசாரியுங்கள். நிப்பின் பிளவுக்கு இருபக்கமும் உள்ள பாதிகள் சமமாக இருக்கின்றனவா, நுனியில் சிறு உலோக மணி மிஞ்சியிருக்கிறதா, மூடியின் விளிம்பில் மயிர்க்கோடு போன்ற வெடிப்பு உண்டா என்று பாருங்கள். மணி தேய்ந்த நிப்பை வாங்காதீர்கள். கீறலும் அழுக்கும் பொருட்டல்ல.

படி 6: கழுவி எழுதிப் பாருங்கள்

ஏரோமெட்ரிக் பேனையின் நிப்பைச் சாதாரணத் தண்ணீரில் வைத்து, குழாயிலுள்ள சட்டத்தை மெதுவாக அழுத்தி விடுங்கள். தெளிந்த நீர் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். காய்ந்த மை விடாவிட்டால் நிப்பை மட்டும் இரவு முழுவதும் ஊறவிட்டு மறுநாள் தொடருங்கள். சுடுநீர், மதுசாரம் இரண்டும் கூடாது. எபனைட், கேசின் பேனைகளை ஊற வைக்கக் கூடாது. முதலில் கழுவினால் போகும் நீல மை போடுங்கள். சித்திரத்துக்குப் பாவிக்கும் இந்தியன் மை உள்ளே இறுகி அடைத்துவிடும், அதை எந்தப் பழைய பேனையிலும் ஊற்றாதீர்கள்.

படி 7: வைப்பதும் பதிவதும்

வெயில் படாத, காற்றோட்டமுள்ள லாச்சியில் வையுங்கள். செலுலாயிட்டைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைக்க வேண்டாம். இறப்பர் விடும் கந்தக வாயு அதன் நிறத்தைக் கெடுக்கும் என்பதால் இறப்பர்ப் பொருள்களோடும் வைக்க வேண்டாம். பாவிக்காத பேனையில் மை இருக்கக் கூடாது. ஒவ்வொரு பேனைக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, கிடைத்த இடம், கொடுத்தவர் சொன்ன விவரம், உடலிலுள்ள குறிகள், செய்த திருத்தம், ஏற்றிய மை ஆகியவற்றை எழுதுங்கள். அந்தப் பக்கத்தை அதே பேனையால் எழுதினால் நிப்பு எவ்வளவு தடித்துக் கோடு போடுகிறது என்பதும் கூடவே பதிவாகிவிடும்.