ஃபியூஷியாவைக் குளிர்காலம் முழுக்கத் தூங்க விடுவது எப்படி?

என் முதல் ஃபியூஷியா பூச்செடியைக் கொன்றது குளிர் அல்ல, நான் ஊற்றிய தண்ணீர். இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாள்தோறும் ஒரு குவளை ஊற்றினேன். சில வாரங்களில் வேர் அழுகிவிட்டது. குளிர்காலத்தில் இந்தச் செடிக்கு வேண்டியது உறைபனி படாத இடமும் தொந்தரவில்லாத தூக்கமும்தான்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை?

தென் அமெரிக்காவின் தென்கோடியில் இயல்பாக வளரும் ஃபியூஷியா மெகல்லானிகாவும் அதன் வழிவந்த பல வகைகளும் குளிரைத் தாங்கும். மேல்தண்டு கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். தொங்கு தொட்டிகளில் பெரிய அடுக்குப் பூக்களோடு விற்கப்படும் கலப்பினங்கள் பெரும்பாலும் அப்படியல்ல. ஓர் இரவு உறைபனியே போதும், கதை முடிந்துவிடும். வகை தெரியவில்லை என்றால் குளிர் தாங்காதது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கவாத்து

உறைபனி தொடங்குவதற்கு முன்பே தொட்டியை உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்கு முன் கூர்மையான, சுத்தமான கத்தரியால் செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். ஒரேயடியாக மொட்டை அடிக்காதீர்கள். குளிர்காலத்தில் கிளை நுனிகள் கொஞ்சம் காய்ந்துபோவது வழக்கம். அந்த இழப்புக்கு இடம் விட்டு வைக்க வேண்டும்.

மீதி இலை, பூ, காய் அனைத்தையும் கிள்ளி எறியுங்கள். மனம் வராது, ஆனாலும் செய்யுங்கள். வெள்ளை ஈ முட்டையிடுவதும் துரு நோய் ஒளிந்திருப்பதும் இலையின் அடிப்பக்கத்தில்தான். மண்மேல் உதிர்ந்து கிடப்பதையும் பொறுக்கிவிடுங்கள். பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும்.

படி 2: இடம்

4 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடம் நல்லது. கார் நிறுத்தும் அறை, நிலவறை, கண்ணாடிக் குடில் எதுவும் சரி. இலையில்லாத செடிக்கு வெளிச்சம் தேவையில்லை. வெதுவெதுப்பான வரவேற்பறைதான் மோசமான தேர்வு: செடி அரைத்தூக்கத்தில் விழித்து, வெளிறிய நோஞ்சான் தளிர்களை விடும்.

படி 3: தண்ணீர்

நான் தோற்ற இடம் இது. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்றுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்பது பெரும்பாலும் போதும். அதற்காக அடியோடு மறந்துவிடவும் கூடாது. முற்றிலும் உலர்ந்த வேர் மீளாது. உரம் வேண்டவே வேண்டாம்.

தரையில் நட்டிருந்தால்

குளிர் தாங்கும் வகையை இலையுதிர் காலத்தில் வெட்டாதீர்கள். பழைய தண்டுகளே அடிப்பகுதிக்குக் கவசம். அதைச் சுற்றி வைக்கோலோ சருகோ பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மூடாக்காகப் போடுங்கள். ஒற்றைத் தண்டில் மரம்போல் வளர்த்த செடிக்கு மட்டும் இது பொருந்தாது. வகை எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் அந்தத் தண்டு உறைந்தால் வடிவமே போய்விடும். அதை உள்ளே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

படி 4: எழுப்புதல்

கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு தொட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மண் நனையும்படி தண்ணீர் விடுங்கள். உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் பிழைத்தது. தண்டு பழுப்பாக இருந்தாலும் உடனே தூக்கி எறியாதீர்கள். வேரிலிருந்து துளிர் வர இன்னும் சில வாரங்கள் ஆகலாம்.

துளிர் மொட்டுகள் பருத்ததும் ஒவ்வொரு கிளையிலும் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் விட்டு வெட்டி, புதிய மண்கலவைக்கு மாற்றுங்கள். அப்போது பழைய மண்ணில் வெள்ளை நிறத்தில் வளைந்த புழுக்கள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். வேரைத் தின்னும் வண்டின் புழுக்கள் அவை. உறைபனி அபாயம் முழுதும் நீங்கிய பிறகு, ஒன்றிரண்டு வாரம் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்குங்கள்.

புதுக் கிளைகளில் மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் செடி அடர்த்தியாகும். கிள்ளும் ஆசை சிலருக்கு அடங்காது. கடைசியாகக் கிள்ளிய நாளிலிருந்து பூவுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு கிள்ளுங்கள்.