திருச்சிப் பக்கம் காவிரிக்கரை நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரிகிற கொள்ளிடம், கல்லணை வரை அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. திருவானைக்காவலைத் தாண்டிக் கிழக்கே கல்லணைச் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே ஊர்ச்சத்தம் அடங்கி வாழைத்தோட்டமும் நெல்வயலும் வாய்க்காலும் வந்துவிடும். ஏறுவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. அதனாலேயே பலர் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டில்கூட எடுக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். மலையேறப் போகிறவர் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் போவார். சமதரைதானே என்று வருகிறவர் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

உள்ளூர் வானத்தைப் பார்த்து ஆற்றை எடைபோடுவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். திருச்சியில் ஓடும் காவிரிக்கும் திருச்சியில் பெய்யும் மழைக்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைத் திறந்தால் இங்கே தண்ணீர், மூடினால் வெறும் மணல். குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும். மேட்டூரில் விடும் தண்ணீர் முக்கொம்புக்கு வந்துசேர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். குடகிலும் கர்நாடகத்திலும் தென்மேற்குப் பருவமழை கொட்டினால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் திருச்சியில் வெயில் கொளுத்தும்போதே ஆறு இரு கரையும் தொட்டு ஓடும்.

மேட்டூர் கணக்கை மட்டும் நம்பினாலும் ஏமாந்துபோவீர்கள். மேட்டூருக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியில் கலக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்த பிறகு வருவது கரூர் மாவட்டத்து மாயனூர் கதவணை. அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் செய்தியில் பார்க்க வேண்டியது மாயனூரில் எத்தனை கன அடி வெளியேற்றுகிறார்கள் என்பதைத்தான். ஒரு கன அடி என்பது விநாடிக்கு சுமார் 28 லிட்டர். அந்த எண் நேற்றைவிட இன்று ஏறியிருந்தால் ஆற்றுக்குள் இறங்கும் திட்டத்தைக் கைவிட்டு, கரைமேலேயே நடந்துவிட்டு வாருங்கள்.

கொள்ளிடம் இன்னும் ஏமாற்றும். அது உபரி நீருக்கான வழி. காவிரியில் தண்ணீர் ஓடும் நாளிலும் கொள்ளிடம் மணல்வெளியாகக் கிடக்கும், மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு. ஒரு காலத்தில் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போய், தஞ்சை வயல்களுக்குப் போதாமல் ஆனது. ஆர்தர் காட்டன் 1836-38இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டியது அதற்காகத்தான். வெள்ளத்தின்போது கதவுகளைத் தூக்கினால் உபரி முழுவதும் அந்தத் தாழ்வில்தான் இறங்கும். 2018 ஆகஸ்ட் 22 இரவு அதே மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. திறப்பு அறிவிப்பு வந்தபின் கொள்ளிட மணலில் குறுக்கே நடக்கவே கூடாது.

கல்லணைச் சாலையில் உத்தமர்சீலி அருகே ஒரு தரைப்பாலம் வரும். காவிரியில் தண்ணீர் அளவுக்கு மீறினால் உபரி கொள்ளிடம் பக்கம் வழிந்தோட விட்ட இடம் அது. மற்ற நாளில் சாதாரணச் சாலை மாதிரிதான் தெரியும். அதன்மேல் தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவுதான் என்றாலும் திரும்பிவிடுங்கள். கலங்கல் நீருக்கு அடியில் தார் இன்னும் இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

"முழங்கால் அளவுதான்" என்று இறங்குவது

ஆற்றுமணலில் நடப்பது சுகம்தான். ஆனால் மணல் அள்ளிய இடங்களில் படுகை சமமாக இருப்பதில்லை. குழிகள் இருக்கும். புதுத்தண்ணீர் வந்ததும் குழியும் மேடும் ஒரே மட்டமாக மூடிக்கொள்ளும். முழங்கால் அளவில் நடந்துகொண்டிருப்பவருக்கு அடுத்த எட்டில் கால் எட்டாது. குழியின் விளிம்பு ஊறிப்போன மணல் என்பதால், பின்வாங்கக் காலை ஊன்றினால் அதுவும் சரிந்து உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இதில் சிக்குவது இப்படித்தான்.

இறங்கியே ஆக வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் இறங்குங்கள். அங்கும் கடைசி இரண்டு படிகளில் பாசி படிந்திருக்கும். குதிகாலை மட்டும் ஊன்றாமல் முழுப் பாதத்தையும் பதித்து, பக்கவாட்டில் இறங்க வேண்டும். யாராவது ஆழத்தில் மாட்டிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். வேட்டி, துப்பட்டா, மூங்கில், மூடி இறுகிய காலி ஐந்து லிட்டர் கேன் என்று கைக்குக் கிடைப்பதை வீசுங்கள், கத்தி ஆளைக் கூப்பிடுங்கள், 112க்கு அடியுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் சேர்ந்து முழுகும் செய்தி இந்தப் பக்கம் அடிக்கடி வருவதுதான்.

சூரியனுக்கு எதிரே நடப்பது

ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, கரைச்சாலையும் அப்படியே. காலையில் திருவானைக்காவலிலிருந்து கல்லணை நோக்கி நடந்தால் வழி முழுக்க வெயில் கண்ணில் அடிக்கும். அதைவிட, சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கல்லணைப் பேருந்தைப் பிடித்துப் போய் இறங்கி, கிளிக்கூடு, உத்தமர்சீலி வழியாக மேற்கே நடந்து வாருங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். வயலில் நிற்கும் கொக்கும் நாரையும் நல்ல வெளிச்சத்தில் தெரியும். பிடரியில் மட்டும் ஒரு துண்டு வேண்டும். மாலை நடை என்றால் இதற்குத் தலைகீழ், ஆனால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், கரையில் விளக்கு கிடையாது.

மார்ச்சிலிருந்து மே வரை காலை எட்டு மணிக்குள் நடையை முடிப்பது நல்லது. வாழைத்தோட்டம் பார்க்கக் குளுமையாக இருக்கும். சாலைக்கு நிழல் தராது. இரண்டு மணி நேர நடைக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கோடையில் ஒன்றரை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எடுத்துப் போனால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் முழுப் பொட்டலத்தைக் கொட்டிக் குடித்தால் உப்பு மிஞ்சிப்போய் தாகம்தான் கூடும்.

தூரத்தைக் கண்ணால் அளப்பது

சமவெளியில் எல்லாமே பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். எதிர்க்கரைக் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும், ஆனால் அங்கே போகப் பாலம் இருக்கும் இடம் வரை சுற்ற வேண்டும். கல்லணையிலிருந்து திருவானைக்காவல் முழுதும் நடந்தால் 15 கிலோமீட்டர் பக்கம் வரும். பழக்கமில்லாதவர்களுக்கு ஆறேழு போதும். தார்ச்சாலையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பவர் இளக்கமான மணலில் இரண்டரை தாண்டமாட்டார். அரை மணியில் வந்துவிடலாம் என்று போட்ட கணக்கு அங்கேதான் உதைக்கும். போன வழியே திரும்பி நடப்பதாக இருந்தால், உடம்பில் பாதித் தெம்பு மிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள். பேருந்து என்றால் இறங்கும்போதே நடத்துனரிடம் அடுத்த வண்டி எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பேசி வரைபடத்தில் தெரியும் மெல்லிய கோடுகளையும் அப்படியே நம்பக்கூடாது. பாதியளவு வாய்க்கால் கரைகள்தான். சில கோடுகள் ஒரு மதகோடு முடிந்துவிடும், சில யாரோ ஒருவர் தோப்புக்குள் போய் நிற்கும். வாய்க்காலைக் கடக்கப் பனைமரத்தை இரண்டாகப் பிளந்து போட்டிருப்பார்கள். அதில் கால் வைக்குமுன் நிறத்தைப் பாருங்கள். நடுவில் வெளுத்துத் தேய்ந்திருந்தால் தினம் ஆள் போகிறார்கள். கறுத்து வழவழப்பாக இருந்தால் பாசி. யாரும் போவதில்லை, நீங்களும் போகாதீர்கள். தோட்டத்து மோட்டார் ஒயர்கள் தரையிலேயே கிடக்கும், அவற்றை மிதிக்காமல் தாண்ட வேண்டும். கம்பி வேலி எதுவானாலும் தொடவே தொடாதீர்கள்.

ரப்பர் செருப்பு

கரையோரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வெட்டிப் போட்ட கிளை காய்ந்ததும் முள் ஆணிபோல் இறுகிவிடும். ரப்பர் செருப்பையும் மெல்லிய அடிப்பாகம் உள்ள ஓட்டப்பந்தய ஷூவையும் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். கெட்டியான அடிப்பாகம் உள்ள பழைய ஷூ போதும், புதிது வாங்க வேண்டியதில்லை. முள் குத்தினால் செருப்போடு சேர்த்துப் பிடுங்காதீர்கள், நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும். செருப்பை மெதுவாக விலக்கிவிட்டு முள்ளை வந்த வழியே நேராக இழுங்கள். சோப்பு போட்டுக் கழுவி, டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு வயல் வரப்பில் இறங்கினால் வண்டல் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். அந்த நாட்களில் சாலையை விட்டு இறங்காமல் இருப்பதே உத்தமம்.

பாம்பு, நாய்

வயல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருந்தால் கண்ணாடி விரியனும் நல்லபாம்பும் வரும். நாணல் புதருக்குள் புகுந்து நாம் போட்டோ எடுப்பதும், ஒதுங்கப் போகிறேன் என்று இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்குவதும்தான் கடி வாங்கித் தருகின்றன. கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள், கடிபட்ட காலை அசைக்காமல் வையுங்கள், 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போவது நேர விரயம். மருந்து கொடுக்கப் பாம்பின் உடல் தேவையில்லை.

தோப்பு நாய்கள் குரைத்துக்கொண்டு வரும். ஓடினால் துரத்தும், நின்று மெதுவாகப் பின்வாங்கினால் எல்லையோடு நின்றுவிடும். கடித்தால் குழாய் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி.

இன்னொன்று. படித்துறை பெண்கள் குளிக்கும் இடம், காரியம் செய்ய வருகிறவர்கள் உட்காரும் இடம். கேமராவை உள்ளே வைத்துவிட்டுக் கடந்து போங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். ஓரம் வழிவிட்டிருப்பார்கள், அதில் ஒற்றை வரிசையாகப் போகலாம். ஷூ காலோடு நெல்மேல் நடந்தால் மணி உமியை விட்டு நொறுங்கும்; அதைக் கூட்டிக் காயவைத்தவர் அங்கே எங்காவது புளியமரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பார். அவரிடமே கேளுங்கள், முன்னால் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடுகிறதா என்று.