பழைய தோட்ட வீட்டில் இணையத் தட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை மலேசியாவுக்கு வந்தது. அதிலிருந்து பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தட்டு மாட்டும் வேலைக்குப் பையன்கள் நிறைய பேர் இறங்கிவிட்டார்கள். நல்லதுதான், செம்பனைக் காட்டுக்குள் கைப்பேசியில் ஒரு கோடுகூட ஏறாத லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், இன்னும் இருக்கின்றன. ஆனால் ஆஸ்ட்ரோ டிவித் தட்டு மாட்டிப் பழகிய கை இதையும் அப்படியே மாட்டுகிறது. தாமான் எனப்படும் புதிய குடியிருப்பு வீட்டில் அது தாங்கும். தோட்டத் துரையின் பங்களா, கிராணி (எழுத்தர்) வீடு, பழைய லயம் என்றால் தாங்காது. ஏணியை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் இங்கே இல்லை. அது தெரியாதவர் ஏறவே கூடாது.

மேற்கே மட்டும் பார்ப்பது

ஆஸ்ட்ரோவின் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்கிறது. நம் ஊரிலிருந்து மேற்கே, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு துண்டு வானம் திறந்திருந்தால் அதற்குப் போதும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. மூன்றாம் தலைமுறைத் தட்டு 110 பாகை அகலத்துக்கு வானத்தைப் பார்க்கும்.

இன்னொன்றும் உண்டு. நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், அசையாமல் நிற்கும் செயற்கைக்கோள்களின் வளையம் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே கிழக்கு மேற்காகப் போகிறது. அவற்றுக்கு இடைஞ்சல் கொடுக்கக் கூடாது என்பதால் அந்தப் பட்டையை ஸ்டார்லிங்க் விலக்கியே பேசும். எனவே வடக்கு, தெற்கு இரண்டும் திறந்திருக்க வேண்டும். பங்களா முற்றத்தில் வடக்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் குடை விரித்திருந்தால், படம் பார்க்க லைன் வரும், வீடியோ அழைப்பு அறுந்து அறுந்து போகும். மாட்டுவதற்கு முன் செயலியில் தடை பார்க்கும் பகுதியைத் திறந்து, நாலு இடத்தில் நின்று வானத்தைக் காட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பது இளம் செம்பனை என்றால் அதன் இன்றைய உயரத்தை நம்பாதீர்கள்.

கூரையைத் துளைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

ஒரு பங்களா. தூண் மேல் நிற்கும் பலகை வீடு, வெள்ளைக்காரன் காலத்து ஓடு. ஒரு பையன் முன்கூடத்துக்கு மேலே ஓட்டைத் துளைத்து, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையில் போல்ட் இறுக்கி, கம்பம் நட்டு, துளையைச் சுற்றி சிலிக்கான் பிதுக்கிவிட்டுப் போனான். லைன் அருமை. சில மாதம் கழித்து வீட்டுக்காரப் பெரியம்மா கூப்பிட்டார்: “தம்பி, சாமி ரூம்ல ஒழுகுது.” சாமி அறை வீட்டின் பின்பக்கம். யார் யாரோ ஏறி அந்த அறைக்கு மேலே உள்ள ஓடுகளையெல்லாம் பூசியிருந்தார்கள். தண்ணீர் துளைக்கு நேர் கீழே விழுவதில்லை. ரீப்பர், சட்டம் என்று வழி பிடித்து ஓடி, எங்கே தடுக்குமோ அங்கே சொட்டும்.

நான் கம்பத்தடியைப் பார்த்தேன். சிலிக்கான் வெயிலில் காய்ந்து ஓட்டை விட்டுப் பிரிந்திருந்தது. நகத்தால் நெம்பியதும் முழு வளையமாகக் கையோடு வந்தது. கீழே ரீப்பர் கறுத்து, பெருவிரலை அழுத்தினால் உள்ளே போனது. பக்கத்து ஓடுகளில் முடி அளவு விரிசல். அந்த ஓடுகள் சிமிந்தி வைத்து ஒட்டியவை அல்ல. ஒன்றோடொன்று கோத்து, ரீப்பரில் தொங்குபவை. தட்டு மூன்று கிலோகூட இல்லை, ஆனால் 60 சென்டிமீட்டர் நீளப் பலகை அது. மேற்குக் கரையில் விடியற்காலை அடிக்கும் சுமத்திராக் காற்றில் கம்பம் ஆட, ஓடுகள் உரசின. அதே அச்சு ஓடு எந்தக் கடையிலும் இல்லை. இடிக்கவிருந்த ஒரு பழைய ஸ்டோரிலிருந்து கெஞ்சி எடுத்து வந்தோம். சீலிங் பலகை, ரீப்பர், கூலி எல்லாம் சேர்த்தால் தட்டின் விலையைத் தாண்டியது.

அந்தப் பையனைக் கேட்டேன். “அண்ணே, சிலிக்கான் நல்லாத்தான் அடிச்சேன்.” அடித்தான்தான். பழைய கூரைக்கு அது மருந்தே இல்லை.

தகரக் கூரை என்றால் அலையின் பள்ளத்தில் துளைக்கிறார்கள், தண்ணீர் ஓடும் வாய்க்காலிலேயே! வேறு வழியே இல்லையென்றால் மேட்டில், ரப்பர் வாஷரோடு. பழைய லயங்களில் சாம்பல் நிற அலை ஷீட் பார்த்தால் ட்ரில்லைப் பையிலேயே வைத்துவிடுங்கள். அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்; அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஏறி மிதித்தாலும் உடையும்.

இத்தனைக்கும் இந்தத் தட்டுக்குக் கூரை தேவையே இல்லை. வானம் திறந்திருந்தால் தரையிலிருந்தே வேலை செய்யும். முற்றத்தில் திறப்பான இடம் பார்த்து, குழி தோண்டி, இரண்டு அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைக் கான்கிரீட்டில் நிறுத்துங்கள். பெட்டியில் வரும் கேபிள் 15 மீட்டர்; குழி தோண்டும் முன் வளைவுகளையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள், இல்லையென்றால் புல் வெட்டும் மெஷின் முதல் வாரமே கணக்கு முடித்துவிடும். வீட்டுக்குள் நுழைய, பழைய தொலைபேசிக் கம்பி வந்த துளை அநேகமாக இருக்கும். நுழையும் இடத்துக்கு முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இது அரை நாள் வேலை, கூரை ஒரு மணி நேர வேலை. துளைப்பதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

கேபிளை வெட்டி ஒட்டுவது

கூடாது. மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது.

எர்த் இல்லாத வீடு

நம் ஊர் இடிக்கு இரும்புக் கம்பம் நட்டால் அதற்கு எர்த் வேண்டும். பழைய லயத்து வயரிங்கில் எர்த் இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

யாருடைய வீடு என்று கேட்காதது

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் எத்தனையோ தோட்டங்கள் கை மாறின. அவற்றை வாங்கிக் காப்பாற்றத்தான் அன்றைய ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்களா ஒருவர் பெயரிலும் அது நிற்கும் நிலம் இன்னொருவர் பெயரிலும் இருக்கக்கூடும். குடியிருப்பவர் “போடு தம்பி” என்றால் மட்டும் போதாது. கம்பெனி வீடு என்றால் மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள். 2005 தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் பதிவான கட்டடம் என்றால், அனுமதி வரும்வரை ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம்.

மழையில் தட்டைத் திருப்புவது

மழை கொட்டும்போது லைன் போகும். விட்டதும் வரும். தொடாதீர்கள்.