எச்ஐவி மாத்திரையும் கல்லீரலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எச்ஐவி மாத்திரைகளைச் சிங்கப்பூரிலேயே விட்டுச் செல்பவர்கள் உண்டு. வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியும் உடலில் இருந்தால் அந்த இடைவெளி உயிருக்கே ஆபத்தாகலாம். டெனோஃபோவிர், லாமிவுடின், எம்ட்ரிசிட்டபின் ஆகிய எச்ஐவி மருந்துகள் இரண்டு கிருமிகளையும் சேர்த்தே அடக்கி வைப்பவை. திடீரென நிறுத்தினால் ஹெபடைட்டிஸ் பி மீண்டும் சீறி எழும். கல்லீரல் செயலிழக்கும் அளவுக்கும் முற்றலாம். பயணத்துக்கு முன்பே உங்கள் மருந்தாளரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 1987 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களும், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் 'எனக்கு இருக்காது' என்று நினைத்துவிடக் கூடாது. சிகிச்சை தொடங்கும்போதே இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளுங்கள்.

கண் மஞ்சளானால் பதறி மருந்தை விடுவது இன்னொரு தவறு. அட்டாசனாவிர் என்ற எச்ஐவி மருந்தைச் சாப்பிடுபவர்களுக்குக் கல்லீரல் கெடாமலேயே பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் இரத்தத்தில் ஏறிக் கண் மஞ்சளாகலாம். நெவிராபின் அப்படியன்று, அது கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடிய பழைய எச்ஐவி மருந்து. அதைத் தொடங்கிய முதல் 18 வாரங்கள், அதிலும் முதல் 6 வாரங்கள், மிகுந்த கவனம் தேவை. எந்த மஞ்சள் எந்த வகை என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும், கண்ணாடி சொல்லாது.

நாட்டு மருந்து விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். சிராங்கூன் சாலையில் வாங்கிய சூரணத்தை மருத்துவரிடம் சொல்லத் தயங்குகிறோம். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை 2021இல் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இயற்கையானது என்பதாலேயே ஒன்று கல்லீரலுக்குப் பாதுகாப்பானதாகிவிடாது. காசநோய் மாத்திரைகள், அளவு மீறிய பாரசிட்டமால், மது ஆகியவற்றையும் மறைக்காதீர்கள்.

சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, ஓயாத குமட்டல், வலப்பக்க மேல்வயிற்றில் வலி, காய்ச்சலோடு தோல் தடிப்பு: இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே உங்கள் மருத்துவரை அழையுங்கள், கிடைக்காவிட்டால் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மயக்கமோ குழப்பமோ இருந்தால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளையும், சூரணம் உட்பட, பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அங்கே அவர்கள் முடிவு செய்யட்டும்.